வாழைப்பழப் பேய்கள்

மூன்றாவது தடவையாகப் பேயின் கண் கழன்று விழுந்தது. எழிலரசி அதைத் தரையிலிருந்து பொறுக்கி எறிந்துவிட்டு, இன்னொரு உலர்திராட்சையை எடுத்து அழுத்தினாள். வாழைப்பழம் பிளந்துகொண்டது.

"சாக்லேட் சிப்ஸ் வில் ஸ்டே, அம்மா" என்றாள் மாளவிகா, சீரியல் கிண்ணத்திலிருந்து தலையைத் தூக்காமலே.

"கண்ணுக்குக்கூட சாக்லேட் கிடையாது. அது வேண்டாம்னுதானே இவ்வளவு பாடு."

அன்று ஹாலோவீன், பிள்ளைகள் பேய் வேஷம் போடும் நாள். மாளவிகாவின் நாலாம் வகுப்பில் மதியம் பார்ட்டி. பாதி வாழைப்பழத்தை நிமிர்த்திக் கண்ணும் வாயும் வைத்தால் பேய். உரித்த ஆரஞ்சின் தலையில் செலரித் தண்டைச் செருகினால் பூசணிக்காய். பத்தே நிமிஷம் என்று வீடியோவில் ஒரு பெண் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தாள்.

எழிலரசி விடிவதற்கு முன்பே எழுந்தவள். இன்னும் பாதித் தட்டுகூட நிரம்பவில்லை. எலுமிச்சைச் சாறு தடவியும், முதலில் செய்த பேய்கள் அதற்குள் பழுப்பேறத் தொடங்கியிருந்தன. அந்த வீடியோக்காரி மட்டும் எதிரில் இருந்திருந்தால் நாலு வார்த்தை கேட்டிருப்பாள்.

செழியன் ஆபீஸ் பையோடு வந்து நின்றான். "ரெடியா எழில்? போற வழியில நானே ஸ்கூல்ல குடுத்துடறேன்."

"இன்னைக்கு நான் போறேன்னு நேத்தே சொன்னேனே. லீவு போட்டிருக்கேன்."

"இதுக்குப் போய் எதுக்கு லீவை வேஸ்ட் பண்ற? எப்பவும் நான்தானே எடுத்துட்டுப் போறேன்."

"அதனாலதான் இந்தத் தடவை நான் போறேன்."

மாளவிகா அப்பாவைப் பார்த்தாள். "அப்பா கேன் டேக் இட், அம்மா. ஹி ஆல்வேஸ் டஸ்."

எழிலரசிக்குச் சுருக்கென்றது. கத்தியை டொக்கென்று பலகைமேல் வைத்தாள். "நான் வந்தா உனக்கென்ன கஷ்டம்?"

மாளவிகா கிண்ணத்தை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். செழியன் அவளை ஸ்கூலில் விடக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான்.

மருந்துக் கம்பெனி லேபில் எழிலரசிக்கு லீவு கிடைப்பதே அபூர்வம். மகளின் பள்ளியில் எந்த விழாவுக்கும் அவள் போனதில்லை. மூன்று வருஷமாக அவள் சார்பில் அந்த வகுப்புக்குள் போய்வந்தது இந்தப் பழத் தட்டு ஒன்றுதான்.

ஒவ்வொரு ஹாலோவீனுக்கும் தட்டு காலியாகத் திரும்பிவரும். "பசங்க ஒண்ணுகூட மிச்சம் வைக்கலை" என்பான் செழியன். வயிறு சரியில்லை என்று ராத்திரி சாப்பிடாமலே போய்ப் படுத்துக்கொள்வான். அவளோ காலித் தட்டைக் கழுவிக் கவிழ்க்கும்போது, பிஸ்கட்டவே என்ற இந்த அமெரிக்க ஊரில் தனக்கும் நாலு பேர் இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வாள்.

மதியம் தட்டோடு கிளம்பினாள். முதல் சிக்னலில் பூசணிக்காய்கள் உருண்டன. இரண்டாவது சிக்னலில் பேய்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்தன. பள்ளி ஆபீசில் பேரை எழுதி, சட்டையில் விசிட்டர் ஸ்டிக்கரை ஒட்டிக்கொண்டு வகுப்புக்குள் நுழைந்தபோது, தட்டிலிருந்த பாதிப் பேய்களுக்குக் கண் இல்லை.

டீச்சர் நன்றாகத்தான் வரவேற்றாள். பிள்ளைகள் மேஜையைச் சுற்றிக் கூடினார்கள். தேவதை வேஷம் போட்ட ஒரு குட்டிப் பெண் விரலால் ஒரு பேயைத் தொட்டுப் பார்த்துவிட்டு, விரலைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். வேறு யாரும் கை வைக்கவில்லை.

விண்வெளி வீரன் உடுப்பில் இருந்த க்ரிஷ் என்ற பையன், எழிலரசியின் முதுகுப் பக்கம் எட்டிப் பார்த்தான். "ஆன்ட்டி, வேர் இஸ் த சாக்லேட்?"

"என்ன சாக்லேட்?"

"மாளவிகாவோட டாட் எவ்ரி இயர் கொண்டு வருவாரே. த பிக் ஒன்ஸ்."

எழிலரசி மகளைப் பார்த்தாள். மாளவிகா தன் சூனியக்காரித் தொப்பியைக் கண் மறையும் அளவுக்கு இழுத்துவிட்டுக்கொண்டாள்.

டீச்சரிடம் என்ன சொல்லிவிட்டு வெளியே வந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. பார்க்கிங்கில் கார் கதவைச் சாத்திக்கொண்டு செழியனைக் கூப்பிட்டாள். முகம் எரிந்தது.

"சாக்லேட் வாங்கிக் குடுத்தீங்களா?"

அவன் புரியாத மாதிரி நடிக்கவில்லை. "முதல் வருஷம் பழமெல்லாம் கறுத்துப்போச்சு எழில். பசங்க சிரிப்பாங்கன்னு மாளவிகா க்ளாஸ் வாசல்ல நின்னு அழுதா. உள்ள போகவே மாட்டேன்னுட்டா. பக்கத்துக் கடையில சாக்லேட் வாங்கிக் குடுத்து அனுப்பினேன்."

"சரி. அடுத்த வருஷமாவது சொல்லியிருக்கலாம்ல?"

"அன்னைக்கு நீ வீட்டு வாசல்லயே நின்னு, பசங்களுக்குப் பிடிச்சுதான்னு கேட்ட. அந்த முகத்தைப் பார்த்துட்டு எப்படிச் சொல்றது?"

"அதனால மூணு வருஷம் என்னை ஏமாத்தினீங்க. விடியறதுக்கு முன்னாடி எழுந்து ஒவ்வொண்ணுக்கும் கண்ணு வெச்சேன். அதைக் கொண்டுபோய் எந்தக் குப்பைத் தொட்டியில கொட்டினீங்க?"



"கொட்டலை எழில். கார்ல உக்காந்து நானே சாப்பிட்டேன், அத்தனையும்."