மூத்தவளின் காவல்

கஞ்சாத் தோட்டத்தில் இருந்த ஆண் செடிகளையெல்லாம் முதலாளி பிடுங்கி எறிந்துவிட்டார். மகரந்தம் பட்டால் பூவெல்லாம் விதை வைத்து, போதை குறைந்து பாழாகிவிடுமே! மூத்த பெண்செடி காவலைத் தானே எடுத்துக்கொண்டு, வழியோடு போன தேனீயைக்கூட விரட்டினாள்.

அப்படியும் ஒரு காலையில் பக்கத்துச் செடி சிணுங்கினாள்: "அக்கா, எனக்கு விதை பிடிச்சிருக்கு!"

"எவன்டி அவன்? இந்தக் காத்துதான் வெளியிலேருந்து கொண்டுவந்திருக்கும்!"

"நான் வெளியே போகவே இல்லையே. உங்க மேலதான் உரசிட்டு வந்தேன்," என்றது காற்று.

மூத்தவள் குனிந்து பார்த்தாள். போன மாதம் தண்ணீரில்லாமல் வாடியபோது, தவிக்கிற பெண்செடிகளுக்குச் சில சமயம் நேர்வதுபோல, அவளுடைய கிளையிடுக்கிலேயே மஞ்சளாய் ஓர் ஆண்பூ முளைத்திருந்தது.

சட்டென்று அதை இலையால் மூடிக்கொண்டு இன்னும் உரக்கக் கத்தினாள்: "முதல்ல அந்தத் தேனீயை உள்ளே விட்டது யாருன்னு சொல்லுங்கடி!"