முட்டை மார்க்

இருட்டின பிறகு மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தேன். மேலே, ‘டக்… டக்…’

எதிர்வீட்டுத் தையல்காரம்மாவின் மிஷின் சத்தம் எனக்குப் பழக்கம். இது அதுவல்ல.

ஓடினேன். காற்றில் அடித்துக்கொண்டிருந்தது எங்கள் வாசல் கதவுதான். உள்ளே என் ஒன்பது மாதப் பெண் தடுப்புக் கட்டிலில் கரண்டியைச் சப்பிக்கொண்டிருந்தாள். பகலெல்லாம் அவளைப் பார்த்துக்கொள்ளும் அண்ணி, என் கணவரின் அக்கா, சமையலறையில் இருந்தார்.

“இன்னிக்கும் தாழ்ப்பாள் போடலையா அண்ணி?”

“மறந்துட்டேன்டி.”

“கணக்கு டீச்சரா இருந்தவங்க நீங்க. பத்தொன்பதாம் வாய்ப்பாடு மறக்கல, தாழ்ப்பாள் மட்டும் மறக்குதா? எவனாவது வந்து குழந்தையைத் தூக்கிட்டுப் போனா?”

“தூக்கட்டும்னுதான்…” என்று ஆரம்பித்தவர் சட்டென்று வாயை மூடிக்கொண்டார்.

என்ன பேச்சு இது? பெற்றிருந்தால் தெரியும், என்று நினைத்துக்கொண்டேன். குழந்தைகள் காப்பகத்தில் வாங்கி வைத்திருந்த விண்ணப்பத்தை அப்போதே பூர்த்தி செய்தேன்.

அண்ணி முகம் கழுவப் போனபோது அவர் போன் அடித்தது. எடுத்தேன்.

“ஸ்கேன் சென்டர்ங்க. நாளைக்குக் காலையில ஹார்ட் ஸ்கேன். துணைக்கு ஒருத்தர் வரணும்.”

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். “தொடையில குழாய் விடுவாங்களே, அதுவா?”

“அதெல்லாம் இல்லம்மா. கையில ஒரு ஊசி. மூச்சைப் பிடிச்சுக்கிட்டுப் படுத்தாப் போதும், ரத்தக்குழாய் அத்தனையும் படத்துல வந்துடும்.”

மறுநாள் அண்ணி உள்ளே போனார். குழந்தையோடு வெளியே பெஞ்சில் நான். கதவிடுக்கில் ஒலிபெருக்கிக் குரல்: “மூச்சை இழுத்துப் பிடிங்க.” நானும் பிடித்தேன். “விடலாம்.” விட்டேன். மூன்று தரம். நான்தான் ஸ்கேனில் படுத்திருப்பதுபோல் வியர்த்துவிட்டது.

டாக்டர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “கால்சியம் ஸ்கோர் பூஜ்யம்.”

அண்ணி முகம் செத்துப்போயிற்று. “முட்டையா? முட்டை வாங்கினவங்களை நான் பெஞ்சு மேல ஏத்தியிருக்கேன் டாக்டர்.”

“இந்தப் பரீட்சையில முட்டைதான் டீச்சர் முதல் மார்க். ரத்தக்குழாய்ல கால்சியம் படியவே இல்ல, அடைப்பும் எங்கேயும் இல்ல. உங்க நெஞ்சுவலி வயித்துல இருந்து வருதுன்னு நினைக்கிறேன், மாத்திரை தரேன்.”

அண்ணி டாக்டர் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஆட்டோக்காரரிடம்கூட, “நான் முட்டை வாங்கிட்டேம்பா” என்றார். அவர் பாவம், எந்தக் கடையில் என்று கேட்டார். வீடு வரை சிரித்துக்கொண்டே வந்தோம்.

உள்ளே நுழைந்ததும் குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டு அண்ணி கதவைச் சாத்தித் தாழ்ப்பாளில் கை வைத்தார்.

“இன்னிக்கு மட்டும் எப்படி ஞாபகம் வந்துச்சு?” என்றேன் கேலியாக.

“என்னிக்குடி மறந்தேன்? எங்க அப்பா உட்கார்ந்த நாற்காலியிலேயே போனாரு. உள்பக்கம் தாழ்ப்பாள். கதவை உடைக்கவே ஒரு மணி நேரம். எனக்கும் அப்படி ஆயிட்டா, இவ தனியாக் கிடந்து கதறணுமா? அழுகை நிக்கலைன்னா நேரா உள்ளே வந்து தூக்கிக்கோன்னு தையல்காரம்மாகிட்ட சொல்லி வச்சிருந்தேன்.”

கைப்பைக்குள் இருந்த காப்பக விண்ணப்பத்தைச் சத்தமில்லாமல் கசக்கினேன்.

அண்ணி எக்கி நின்று, மேல் தாழ்ப்பாளையும் சேர்த்துப் போட்டார்.