அளவுக்குக் கொடுத்த பிளவுஸ்

திரைச்சீலைக்குப் பின்னால் போன பூவிழி, புதிதாகத் தைத்த கோட்டைக் கையில் வைத்துக்கொண்டு போட்டுப் பார்க்காமல் நின்றாள்.

போட்டால் மானம் போய்விடும். அது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

நெல்லித்தோப்பில் கமலவேணி அக்காவின் தையல் கடை அது. மற்ற நாலு பேரும் ஏற்கெனவே போட்டுப் பார்த்துவிட்டு, அதே உடுப்போடு வெளியே நின்று போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

ஐந்து பேருக்கும் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரே கம்பெனி, ஒரே பேக்கிங் மேசை. மதிய இடைவேளையில் கொரியாக்காரிகளின் பாட்டுக்கு விளையாட்டாக ஆடத் தொடங்கி, இப்போது ஞாயிற்றுக்கிழமை பீச் ரோட்டில் மேடையேறுகிற அளவுக்கு வந்துவிட்டார்கள். ஸ்டெப்பெல்லாம் சொல்லிக் கொடுத்தவள் பூவிழிதான். ஆட்டத்தில் அவளை அடித்துக்கொள்ள ஆள் இல்லை.

உடுப்பில்தான் வில்லங்கம்.

மாதிரிக்கென்று கமலவேணியிடம் காட்டிய படத்தில் இருந்த கொரியாக்காரிகள் எல்லாரும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருந்தார்கள். இடுப்புக்கு மேலேயே நின்றுவிடும் குட்டைக் கோட்டு, மடிப்பு வைத்த குட்டைப் பாவாடை. கூட ஆடுகிற அபி மாதிரி ஆளுக்குச் சரி. அவள் கொரியாவில் பிறந்திருக்க வேண்டியவள், எதைப் போட்டாலும் ஹேங்கரில் மாட்டியது மாதிரி நேராக விழும். அவளைப் பார்க்கும்போதெல்லாம் பூவிழிக்கு வயிறு எரியும்.

பூவிழியுடையது பிள்ளைச்சாவடி உடம்பு. அந்தக் கடலோரக் குப்பத்தில் அம்மாவோடு மீன் கூடை தூக்கி அகன்ற தோள், அம்மாவின் மீன் குழம்பைத் தின்று வளர்ந்த இடுப்பு.

கமலவேணி அளவெடுக்க டேப்பைத் தொடுகிற ஆள் இல்லை. உடம்புக்குச் சரியாக இருக்கிற பழைய பிளவுஸ் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போகச் சொல்வாள். அதைத் துணிமேல் வைத்து வெட்டினால் தோள், கை, மார்பு எல்லாம் கச்சிதமாக வந்துவிடும். கொடுக்கிறவள் ஒழுங்காகக் கொடுத்தால்.

பூவிழி ஒழுங்காகக் கொடுக்கவில்லை. பன்னிரண்டாம் வகுப்புப் பிரிவுபசார விழாவுக்குத் தைத்த பிளவுஸைக் கொடுத்திருந்தாள். தைத்து முடிப்பதற்குள் இளைத்துவிடலாம் என்று ஒரு நம்பிக்கை. வீட்டில் நெத்திலி வறுபடும் வாசனை வரும் வரைக்கும் அந்த நம்பிக்கை உயிரோடு இருந்தது.

"என்னடி, உள்ளயே தூங்கிட்டியா?" வெளியிலிருந்து வினோதா கேட்டாள்.

கோட்டு ஏறாவிட்டால் சொல்வதற்குப் பொய் தயாராக இருந்தது. அத்தை வீட்டில் விசேஷம், நான் வரல, நீங்க நாலு பேரும் ஆடுங்க. அழுகையை வீட்டுக்குப் போய் வைத்துக்கொள்ளலாம்.

கண்ணை மூடிக்கொண்டு கையை நுழைத்தாள்.

ஏறிவிட்டது.

தோளில் உட்கார்ந்தது. கொக்கியும் மாட்டியது. மூச்சை நன்றாக இழுத்துப் பார்த்தாள், எதுவும் தெறிக்கவில்லை.

விலாப் பக்கம் தடவிப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. படத்தில் அந்த இடத்தில் அழகுக்காக ஒரு கயிறு குறுக்கும் நெடுக்குமாக ஓடும். கமலவேணி அந்தக் கயிற்றுக்கு வேலை கொடுத்திருந்தாள். இரண்டு பக்கமும் துணியை மூட்டாமல் விட்டு, உள்ளே அதே நிறத்தில் இன்னொரு துணி கொடுத்து, பிளவுஸ் முதுகில் கட்டுகிற கயிற்றால் பின்னியிருந்தாள். இறுக்கவும் செய்யலாம், தளர்த்தவும் செய்யலாம். பாவாடையையும் மாட்டினாள்; அதன் மடிப்பையும் இடுப்பிலேயே தொடங்காமல், அகலப் பட்டி வைத்து அதற்குக் கீழே இறக்கியிருந்தாள்.

கண்ணாடியில் பார்த்தாள். பிள்ளைச்சாவடி உடம்பு அப்படியே இருந்தது, பார்க்க ஜோராகவும் இருந்தது. ஒரு சுற்று சுற்றி, கையை மேலே தூக்கி, பாட்டில் வருகிற அந்தக் கடைசி ஸ்டெப்பைப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் வெளியே வந்தாள். வினோதா விசிலடித்தாள்.

கமலவேணி ஒரு கட்டைப் பையைக் கவிழ்த்து, ஐந்து பிளவுஸையும் மேசைமேல் கொட்டினாள்.

"அவங்கவங்க அளவு பிளவுஸ எடுத்துக்குங்க. மாறிப் போச்சுன்னு நாளைக்கு எங்கிட்ட வந்து நிக்கக் கூடாது."

பூவிழி மேசையைப் பார்த்தாள். பொம்மைக்குத் தைத்த மாதிரி இருக்கிற அந்தப் பிளவுஸை இத்தனை பேர் முன்னால் எப்படி எடுப்பது? மற்றவர்கள் எடுத்துக்கொண்டு நகரட்டும் என்று ஓரமாக நின்றாள்.

ஒருத்தியும் நகரவில்லை. வினோதா போனை நோண்டினாள். அபி சுவர்க் காலண்டரில் ராகு காலம் பார்த்தாள்.

"கடையச் சாத்தணும்டி," என்றாள் கமலவேணி.

இந்த உடம்பை எத்தனை நாளைக்கு ஒளித்து வைப்பது என்று பூவிழிக்குச் சலிப்பாக வந்தது. மேசைக்குப் போய்த் தன்னுடையதை எடுத்தாள்.

"இது என்னுது. பன்னெண்டாவது படிக்கறப்ப தச்சது. இப்ப கையே நுழையாது."

ஒரே மூச்சில் முழுசாகச் சொல்லிவிட்டாள்.

யாரும் சிரிக்கவில்லை. அபி மெதுவாக வந்து, மேசையில் கிடந்ததிலேயே பெரிய பிளவுஸைக் கையில் எடுத்தாள். அவளைப் போல இரண்டு பேர் அதற்குள் தாராளமாக நுழையலாம்.

"எங்கம்மாது," என்றாள், தலையைத் தூக்காமல். "கொஞ்சம் பூசினாப்ல தெரிவேன்னு குடுத்தேன்."

மேசையில் இன்னும் மூன்று பிளவுஸ் கிடந்தன. வினோதா போனைப் பைக்குள் போட்டுவிட்டு மேசைப் பக்கம் வந்தாள்.