ஜாரா வீட்டு மருந்து

கண்ணாடிக் கதவுக்கு வெளியே வைத்தியர் நியாங்கோரோ ஜாராவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. சட்டை வேர்வையில் முதுகோடு ஒட்டிக்கிடந்தது. உள்ளே டாக்டர் மசிரா த்ராவோரே மைக்ராஸ்கோப்பில் குனிந்திருந்தாள்.

மலேரியாவுக்கு ஜாரா வீட்டார் தலைமுறை தலைமுறையாகக் கொடுத்துவரும் தழைக்கு அன்று பமாக்கோ ஆய்வுக்கூடத்தில் முடிவு தெரியும். இரண்டு கட்டு கேட்டிருந்தாள் மசிரா. சிவப்பு நூலில் மருந்து, வெள்ளை நூலில் ஒப்பிட்டுப் பார்க்க ஏதோ ஒரு சாதாரணத் தழை.

கிருமி சாகாது என்பது மசிராவின் பந்தயம்; செத்தால் அவர் மூலிகையின் பெயரைச் சொல்லிவிட வேண்டும் என்பது பேச்சு. அப்பன் சாகும்போது காதில் சொன்ன பெயர் அது. அதை வெளியாள் காதில் போட ஜாராவுக்கு மனமில்லை.

முந்தாநாள் கட்டுகளைக் கொண்டுவந்தபோது, காவலாளியின் ஆடு சிவப்புக் கட்டை இழுத்து மென்றது. அவர் விரட்டக்கூட இல்லை.

"ஏய் பயறு தின்னி! இன்னும் என்னடி பண்றே?" ஜாரா கண்ணாடிக் கதவைத் தட்டினார்.

"எங்க வீட்டு அடிமைக்கு இவ்ளோ வாயா? சும்மா இரும்!"

ஜாரா குலத்துக்கும் த்ராவோரே குலத்துக்கும் பரம்பரையாகக் கேலி முறை. திட்டலாம், ஏமாற்றலாம். கோபப்பட மட்டும் கூடாது.

"உம்ம மகளுக்குக் காய்ச்சல் விட்டுச்சா? நான் குடுத்த மாத்திரை போட்டாளா?"

"அதைத் தூக்கிப் போட்டுட்டேன். எங்கப்பன் மருந்தைத்தான் குடிக்கிறா. எந்திரிச்சிடுவா."

"கண்ணு மஞ்சளாயிடுச்சுன்னீரே! புள்ள உயிரோட விளையாடாதீர்." இப்போது அவள் குரலில் கேலி இல்லை.

அவள் மறுபடி குனிந்தாள், அடுத்த கண்ணாடித் துண்டை மாற்றினாள், இன்னொரு முறை பார்த்தாள். பிறகு கதவைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தாள்.

"நான் தோத்துட்டேன் ஜாரா! சிவப்புக் கட்டுச் சாறு பட்ட ரத்தத்துல ஒரு கிருமிகூட உயிரோட இல்ல!"

"வெள்ளைக் கட்டுல?"

"அதுல ஒண்ணுகூட சாகல. வெறும் தண்ணி மாதிரிதான். அதை விடும், மருந்துப் பேரைச் சொல்லும்!"

ஜாராவின் முகத்தில் ரத்தமே இல்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மாத்திரை குடும்மா. இப்பவே ஊருக்கு ஓடணும்."

"ஜெயிச்சிட்டு ஏன் இப்படி நடுங்குறீர்?"

"மருந்துப் பேரைக் காப்பாத்த நூலை மாத்திக் கட்டிட்டேன்மா... என் மக குடிக்கிறது வெள்ளைக் கட்டுத் தழையைத்தான்!"