நாலேகால் மணிப் புகார்

“வணக்கம், வாடிக்கையாளர் சேவை மையம். உங்களுக்கு என்ன உதவி வேணும்?”

“ஒரு கம்ப்ளைண்ட் மேடம்.”

“சொல்லுங்க மேடம். மெஷின்ல என்ன பிரச்சினை?”

“மெஷின் நல்லாத்தான் சுத்துது. என் பல்லுதான் விழுந்துடுச்சு.”

ஒன்பதாம் நம்பர் சீட்டில் இருந்தவள் சிரிக்கவில்லை. சிரிப்பு அவளுக்கு மறந்தே போயிருந்தது. நாளொன்றுக்கு நூற்றிருபது பேர் தங்கள் வாஷிங் மெஷினுக்காக அவளைத் திட்டுகிறார்கள். ஆரம்பத்தில் அழுதாள், இப்போது எதுவும் உறைப்பதில்லை.

புகார் சொன்ன மேடத்துக்கு வயது ஆறு. அவள் பெற்ற மகள்.

செல்போனை வாசலில் இருக்கும் பெட்டியில் பூட்டிவிட்டுத்தான் வேலைக்கு உள்ளே வர வேண்டும். காலையில் பள்ளி வண்டியைப் பிடிக்கிற ஓட்டம். இரவு வீடு திரும்பினால் மகள் தூங்கியிருப்பாள். சாயங்காலம் குழந்தை இருப்பது எதிர்வீட்டு அக்காவிடம்; அவசரத்துக்கென்று ஆபீஸில் எழுதிக்கொடுத்திருந்ததும் அந்த அக்காவின் நம்பர்தான். அந்த வீட்டு மெஷின்மேல் ஒட்டியிருந்த, அம்மா வேலைபார்க்கும் கம்பெனியின் இலவச எண்ணைக் குழந்தை ஒருநாள் அக்கா ஃபோனில் தானே அழுத்திவிட்டது.

அந்த முதல் அழைப்பு எட்டாம் சீட்டுக்காரிக்குப் போனது. “ஏதோ குழந்தை, அம்மா வேணும்னு அழுதுச்சு. கட் பண்ணிட்டேன்” என்றாள் அவள். மறுநாளிலிருந்து தினமும் நாலேகாலுக்கு அழைப்பு ஒன்பதுக்கே வந்தது. பன்னிரண்டு சீட்டில் எது காலியோ அதற்கு அழைப்பைத் தள்ளிவிடுவது கம்ப்யூட்டர். அது இரண்டு மாதமாகத் தன் பக்கமே விழுவதைக் குருட்டு அதிர்ஷ்டம் என்று நினைத்தாள். கண் பட்டுவிடும் என்று யாரிடமும் மூச்சுவிடவில்லை.

‘அம்மா’ என்று கூப்பிட்டால் அம்மாவுக்கு வேலை போய்விடும் என்று மகளிடம் சொல்லியிருந்தாள். ‘மேடம்’ விளையாட்டு மகளின் சொந்தக் கண்டுபிடிப்பு.

ஆபத்து கண்ணாடி அறைக்குள் இருந்தது. சூப்பர்வைசருக்கு அங்கே எல்லாரும் வைத்த பெயர் ஊமைக்கோட்டான். யார் என்ன பேசுகிறார்கள் என்று ஹெட்போனில் கேட்டுக்கொண்டே இருப்பார். தான் வாயைத் திறக்க மாட்டார். நாலு மணிக்கு மற்றவர்கள் மாற்றி மாற்றி டீக்கு எழுந்தாலும் அவர் மட்டும் நாற்காலியை விட்டு அசைவதில்லை. சொந்த அழைப்பு பேசிய நாலாம் சீட்டுக்காரரைப் போன மாதம் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பினார்கள். போட்டுக்கொடுத்தது கோட்டான்தான் என்று ஆபீஸே பேசிக்கொண்டது. இவள் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிகிறது.

“எந்தப் பல்லு மேடம்?”

“மேல, முன்னாடி. ஓட்டை வழியா நாக்கு வெளிய வருது. பாக்கறீங்களா?”

நாக்கை நீட்டுகிற சத்தம் ஃபோனில் கேட்டது.

“பார்த்துட்டேன் மேடம். வாரண்டி இருக்கு. ரெண்டு மாசத்துல புதுசு வந்துடும்.”

“காசு எவ்ளோ?”

“இலவசம் மேடம்.”

அந்தப் பக்கம் கிளுக்கென்று ஒரு சிரிப்பு. மரத்துப்போன காலில் ரத்தம் திரும்புவதுபோல இவளுக்குள் எங்கோ சுருக்கென்றது. ஒரு நாளில் அவளுக்கு ஏதாவது உறைத்தது என்றால் அது ஒன்றுதான்.

“விழுந்ததை டப்பால போட்டு வெச்சிருக்கேன். உங்க ஆளு எப்ப வருவாங்க?”

“ராத்திரி பத்துக்கு மேடம்.”

“நான் தூங்கிடுவேனே!” குரல் உடைந்தது. “ஓட்டையை மொதல்ல நீங்கதான் பாக்கணும். அதான் அக்காகிட்டகூடக் காட்டல. வாயைப் பொத்திக்கிட்டே இருக்கேன்.”

“அழாத கண்ணு. அம்மா வந்து உன்னை எழுப்பிப் பாக்கறேன்.”

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று தெரிந்தது. கண்ணாடிக்குப் பின்னால் கோட்டான் ஹெட்போனைக் கழற்றினார். ஒரு விரலை அசைத்து அவளைக் கூப்பிட்டார்.

“உங்கள் பொறுமைக்கு நன்றி” என்று வழக்கம்போலச் சொல்லி வைத்துவிட்டு எழுந்து போனாள். எட்டாம் சீட்டுக்காரி பாவமாகப் பார்த்தாள். வேலை போகப்போகிறது, பயம் வர வேண்டும், வரவில்லை. அழுகையும் வரவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும் குழந்தை மட்டும்தான் நினைவில் இருந்தது.

அவர் கேட்குமுன் அவளே ஆரம்பித்தாள். “ரெண்டு மாசமா நடக்குது சார். யாரும் உடந்தை இல்ல. என் நேரம், என் சீட்டுக்கே வந்து விழுது.”

கோட்டான் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே பேசினார். “அடுத்த வாரம் ஹெட் ஆபீஸ்லேர்ந்து வந்து ரெக்கார்டிங் எல்லாம் கேப்பாங்க. கண்ணு, அம்மா, இதெல்லாம் கூடாது. மேடம்னே சொல்லுங்க. இன்னிக்குப் பேசினதை அழிச்சுட்டேன்.”



“அப்போ... நாளைக்கு அவ கூப்பிட்டா, வேற சீட்டுக்குப் போயிடாதுல்ல சார்?”

அவர் ஹெட்போனை எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

“எப்படிப் போகும்? தினமும் நான்தானே திருப்பி விடறேன்.”