லாரிக்கு முந்தைய நாள்

கரண்ட் போய் நாற்பது நிமிடம் ஆகிவிட்டது.

அவள் துண்டை வாளியில் நனைத்துக் கோழிகளின் மேல் உதறினாள். மறுபடி நனைத்தாள். மறுபடி உதறினாள்.

இரண்டாயிரம் கோழிகள். அலகைத் திறந்து, இறக்கையை அகட்டி வைத்துக்கொண்டு மூச்சு வாங்கின. மின்விசிறி ஓடும்போது இந்தச் சத்தம் கேட்காது. இப்போது கொட்டகை முழுக்க அதுதான் கேட்டது.

மேல்தொட்டித் தண்ணீர் கை வைக்க முடியாமல் கொதித்தது. வாளியில் இருந்தது வீட்டுக் குடிதண்ணீர். இரண்டாவது குடம். மூன்றாவது கிடையாது.

பங்குனியிலேயே இப்படி.

போன சித்திரையில் ஒரே மதியத்தில் பாதிக் கொட்டகை செத்தது. குழி வெட்டிப் புதைத்தார்கள். கழுவிச் சுண்ணாம்பு அடித்தார்கள். அடுத்த மாதமே புதுக் குஞ்சுகள் வந்து இறங்கிவிட்டன.

அவள் கணவன் கோழிகளுக்கு நடுவே நடந்து, படுத்துவிட்டவற்றைக் கிளப்பிவிட்டுக்கொண்டிருந்தான். படுத்தால் போச்சு. நாளை விடியற்காலையில் லாரி வரும். அதுவரை உயிர் இருக்க வேண்டும். அவன் கவலை அவ்வளவுதான். அவனைக் குறை சொல்லவும் முடியாது.

லாரிக்கு அப்புறம் என்ன என்பது அவளுக்கும் தெரியும். எட்டு வருடமாகப் பிடித்துக் கூண்டில் அடைத்துக் கொடுப்பவள் அவள்தான்.

பிறகு எதற்கு இந்தத் தண்ணீர்?

கண்ணெதிரே தவிக்கின்றன. பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

வாளி காலியானது. அடியில் கிடந்ததைத் துண்டால் ஒற்றி எடுத்துப் பிழிந்தாள். அவளுக்கே தொண்டை வறண்டு போயிருந்தது.

கரண்ட் வந்தது.

விசிறிகள் முனகிக்கொண்டு சுற்றத் தொடங்கின. சாக்குப் படுதா அசைந்தது. கொஞ்ச நேரத்தில் கோழிகள் ஒவ்வொன்றாக அலகை மூடின.

அவன் தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டான். காலையிலிருந்து இப்போதுதான் சிரிக்கிறான்.

"தப்பிச்சுருச்சு புள்ள, அத்தனையும்."

அவளுக்குச் சுரீரென்றது. அழக்கூட வெட்கமாக இருந்தது.

நிற்கத் தெம்பில்லாத ஒரு கோழி தள்ளாடி வந்து, நனைந்திருந்த அவள் பாதத்தின் மேல் படுத்தது. கண்ணை மூடிக்கொண்டது.

இனி தீவனச் சட்டிகளைத் தூக்கிக் கட்ட வேண்டும். லாரி ஏறப் போகிறவற்றுக்கு இன்று சாயங்காலத்திலிருந்து தீவனம் கிடையாது. அவன் வாசலில் நின்று அவளைக் கூப்பிட்டான்.

மறுபடியும் கூப்பிட்டான்.

அவள் காலை அசைக்கவில்லை.