பனிமலை காலண்டர்

“தனியாவா போன? அதுவும் இந்தக் குளுர்ல?”

சபைக் காலண்டர் கமிட்டித் தலைவர் தனராஜ் கேட்டதும், தபிதா பெருமையாகத் தலையாட்டினாள்.

“தனியாத்தான் அங்கிள். எட்டு நாள், நானே கார் ஓட்டிக்கினு போனேன். விடிகாலை நாலு மணிக்கே எழுந்து, ரெண்டு ஸ்வெட்டர் மாட்டிக்கினு, கேமராவோட மலை மேல நின்னுக்கினு இருப்பேன்.”

“நாலு மணிக்கா? நான் எட்டு மணி வரைக்கும் போர்வையே எடுக்கறதில்ல. துன்றதுக்கு இன்னா பண்ண?”

“பன்னும் டீயும்தான். நல்ல படம் கிடைச்சா பசி எங்க தெரியுது?”

சித்தூரில் அவர்கள் சபை வருஷா வருஷம் ஒரு காலண்டர் போடும். மாதத்துக்கு ஒரு பைபிள் வசனம், வசனத்துக்கு மேலே ஒரு மலைப் படம். முந்நூறு வீடுகளில் தொங்கும் அந்தக் காலண்டருக்குப் படம் தேர்ந்தெடுப்பது பதினைந்து வருஷமாகத் தனராஜ்தான். அவருக்கு மலை என்றால் தூர தேசத்து மலை, அதிலும் பனிமலை. மே மாதத்தில் ஊரே வெந்துகொண்டிருக்கும்போதும் சுவரில் பனி கொட்டிக்கொண்டிருக்க வேண்டும். எல்லாம் இன்டர்நெட்டில் எடுத்த படங்கள்.

போன வருஷம் தபிதா தான் எடுத்த படங்களைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். “நீ கல்யாணத்துக்கு ஃபோட்டோ எடுக்கறதோட நிறுத்திக்கோ பாப்பா” என்று சொல்லி, கவரைப் பிரிக்காமலே திருப்பிக் கொடுத்துவிட்டார். வீட்டுக்குப் போய் அழுதாள். அழுது முடித்ததும் ஒரு வைராக்கியம் வந்தது. அந்த முந்நூறு சுவர்களிலும் ஒரு வருஷமாவது தன் படங்கள் தொங்கியே ஆக வேண்டும்.

அதனால் இந்தத் தடவை கவரை அவளே பிரித்தாள். பன்னிரண்டு படங்களையும் மேசைமேல் பரப்பினாள்.

உட்கார்ந்திருந்த தனராஜ் எழுந்துவிட்டார். பக்கத்தில் இருந்த அச்சகக்காரர் பென்னிக்கு ஆச்சரியத்தில் தெலுங்கே வந்துவிட்டது. “அப்பா! மஞ்சு கொண்டலு! பனிமலைங்க!”

பள்ளத்தாக்கு முழுக்க வெள்ளை. நடுவே மலையின் உச்சி மட்டும் நீலமாகத் தலை நீட்டியது. அதன் தோளில் அப்போதுதான் முளைத்த வெயில்.

“இது எல்லாமே பனியா பாப்பா?”

“பனிதான் அங்கிள். பனிக்காகத்தானே டிசம்பர்ல போனேன். வெயில் ஏறிட்டா எல்லாம் போயிடும்.”

“எந்த ஊரு இது?”

“அது வந்து அங்கிள்…”

“இரு, இரு, சொல்லாத. நானே சொல்றேன்.” மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படத்தின்மேல் குனிந்தார். “மணாலி! கரெக்டா? எங்க பையன் திலீப்பு கல்யாணம் ஆனதும் அங்கதான் போனான். அதே மலை. பாத்தாலே தெரியுது.”

“இல்ல அங்கிள், இது…”

“எனக்கா தெரியாது? பதினஞ்சு வருஷமா மலையத்தான் பாத்துக்கினு இருக்கேன்!”

அவ்வளவு அனுபவசாலியிடம் யார் வாதாடுவது?

“பாரு பென்னி,” தனராஜ் உருகிப்போனார். “இந்த மாதிரி எடத்துல குடியிருக்கறவன் எவ்ளோ குடுத்து வெச்சிருக்கணும்! காலைல எழுந்து கதவத் தொறந்தா எதிர்ல இதான். நானும்தான் இருக்கேனே, விடிஞ்சா மாந்தோப்பு, பொழுது சாஞ்சா மாந்தோப்பு.”

“அப்படின்னா என் படம்…?” தபிதாவின் குரல் இப்போதுதான் கொஞ்சம் நடுங்கியது.

“பன்னண்டு மாசமும் உன்னுதுதான் பாப்பா! இன்டர்நெட் படம் ஒண்ணுகூட வேணாம்.”

அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இருந்தாலும் கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டாள்.

“ஒரே ஒரு கண்டிஷன் அங்கிள். ஒவ்வொரு படத்துக்குக் கீழயும் அது எந்த எடம்னு போடணும். படத்துக்குப் பின்னாலயே எழுதி வெச்சிருக்கேன். நீங்க ஒருவாட்டி பாத்துட்டீங்கன்னா…”

“இதுல பாக்கறதுக்கு இன்னா இருக்குது? எடத்துப் பேரைப் போட்டே ஆவணும். பெரிய எழுத்தா போடு பென்னி. ஜனங்க தெரிஞ்சிக்கட்டும்!”

சொன்னதோடு நிற்கவில்லை. அச்சக ஆர்டர் ஃபாரத்தை இழுத்து, ‘படத்தின் பின்னால் உள்ளதை ஓர் எழுத்தும் மாற்றாமல் அச்சிடவும்’ என்று தன் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார். சபை முத்திரையையும் ஓங்கிக் குத்தினார்.

“ஜனவரிக்கு இந்தப் பெரிய மலைதான். பேரு இன்னான்னு போட்டிருக்குது? சத்தமா படி பென்னி, கேப்போம்.” நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

பென்னி படத்தைத் திருப்பி, முதலில் தனக்குள் படித்தார். தபிதாவை ஒரு பார்வை பார்த்தார். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு சத்தமாகவே படித்தார்:

“பங்காருபாளையம், திரு. தனராஜ் அவர்களின் மாந்தோப்புக்குப் பின்புறம்.”